மாதிரி விமானத்தின் இறக்கையை அளப்பது எப்படி?

புதிதாகக் கட்டிய விமானம் முதல் பறப்பிலேயே இடது பக்கம் சாய்கிறது. ரிமோட்டில் நாலைந்து கிளிக் ட்ரிம் (ஸ்டிக்கைத் தொடாமலே நிலைத்து நிற்கும் சின்னத் திருத்தம்) கொடுத்ததும் நேராகிவிடுகிறது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்ததும் அதே விமானம் இப்போது வலது பக்கம் சடாரென்று விழுகிறது. காற்றைக் குறை சொல்வதற்கு முன்னால் இறக்கையை அளந்து பாருங்கள். வலது இறக்கையின் நுனியில் பின் விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே முறுக்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வேகமாகப் போகும்போது அந்தப் பக்கம் அதிகமாகத் தூக்கும், அதனால் விமானம் இடது பக்கம் சாயும். வேகம் குறையும்போது அதே நுனிதான் முதலில் ஸ்டால் ஆகும் (தூக்கும் சக்தியைச் சட்டென்று இழக்கும்), அதனால் வலது பக்கம் விழும். ட்ரிம்மால் இதை மறைக்கலாம், சரிசெய்ய முடியாது.

இறக்கையை அளப்பவர் கடைசியில் தேடுவது இரண்டு வித்தியாசங்களைத்தான். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் என்ன வித்தியாசம்? இறக்கைக்கும் வாலுக்கும் என்ன வித்தியாசம்? முதலாவது பூஜ்யமாக இருக்க வேண்டும். இரண்டாவது நாம் தீர்மானித்த அளவில் இருக்க வேண்டும். பிளானில் 2.5 டிகிரி என்று போட்டிருக்க, உங்கள் விமானத்தில் இரண்டு பக்கமும் 2.2 டிகிரி வந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் 2.5, மறு பக்கம் 1.5 என்று வந்தால் அந்த விமானம் ஒருநாளும் ஒழுங்காகப் பறக்காது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் இறக்கையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடப்போகிறோம். மேல் இறக்கை வைத்த சாதாரண பயிற்சி விமானம். நுனிக்கு நுனி 1400 மி.மீ., நடுவில் அகலம் 250 மி.மீ., நுனியில் அகலம் 150 மி.மீ., எடை 1300 கிராம். உங்களுடைய எண்களை இதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

என்னென்ன வேண்டும்

பெரும்பாலானவை பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல், தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம், ரசமட்டம், இழுத்தால் நீளாத நூல், மாஸ்கிங் டேப், நன்றாகச் சீவிய பென்சில். துணி அளக்கும் டேப்பைத் தொடாதீர்கள், அது இழுத்த இழுப்புக்கு வரும்.

கோணத்துக்கு ஒரு டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் வாங்கினால் நல்லது. தச்சுவேலைக்கு விற்கிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரப் பெட்டி அது, அடியில் காந்தம் இருக்கும். பூஜ்யம் செய்யும் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், நமக்கு முழு உபயோகமும் அந்தப் பட்டனில்தான் இருக்கிறது. திரையில் 0.1 டிகிரி வரை காட்டும், ஆனால் உண்மையில் 0.2 டிகிரி வரை தள்ளி இருக்கலாம். இல்லையென்றால் கைப்பேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் போதும். கேமரா மேடு இடிக்கும் என்பதால் போனைப் படுக்க வைக்காமல், பட்டன் இல்லாத நீண்ட ஓரத்தில் நிறுத்தி வையுங்கள்.

எந்தக் கருவியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்: ஓர் இடத்தில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்படியே அரை வட்டம் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். ஒரு தடவை மேல்நோக்கி 0.6, மறு தடவை கீழ்நோக்கி 0.4 என்று காட்டினால் பரப்பின் உண்மையான சாய்வு 0.5, கருவியின் பிழை 0.1. கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மேஜையும் மட்டமும்

சமதளமான மேஜை வேண்டும். பழைய கதவுப் பலகை, கனமான கண்ணாடி, கிரானைட் சமையல் மேடை எல்லாமே நல்ல தேர்வுதான். மேஜை தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, வளையாமல் இருந்தால் போதும். ஸ்டீல் ஸ்கேலை அதன் விளிம்பில் நிறுத்திக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்துங்கள். அடியில் வெளிச்சம் தெரிகிற இடம் பள்ளம்.

விமானத்தை இரண்டு தெர்மோகோல் துண்டுகளில் வெட்டிய பள்ளத்தில் உட்கார வைத்து, அசையாமல் மணல் பை அண்டை கொடுங்கள். கோணம் அளக்கும்போது விமானம் பாதியில் நகர்ந்தால் அதுவரை எடுத்த எண்கள் அத்தனையும் வீண்.

மின்மோட்டார் விமானம் என்றால் வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றித் தள்ளி வைத்துவிடுங்கள். மேஜையில் குனிந்து அளக்கும்போது முகம் புரொபெல்லருக்குப் பக்கத்தில் இருக்கும். இதில் சமரசமே வேண்டாம்.

நீளம், அகலம், பரப்பு

நுனிக்கு நுனி உள்ள நேர்தூரம்தான் ஸ்பான். இறக்கை மேல்நோக்கி வளைந்திருந்தால் மேற்பரப்பின் மீது டேப்பை ஓட்டக் கூடாது. இரண்டு நுனியிலும் மூலைமட்டத்தை நிறுத்தி, மேஜையில் விழும் புள்ளிகளைக் குறித்து, புள்ளிக்குப் புள்ளி அளக்க வேண்டும். 4 டிகிரி வளைவில் இந்த இரண்டு அளவுக்கும் 1400 மி.மீ.க்கு 4 மி.மீ. கூட வித்தியாசம் வராது, அதனால் பயிற்சி விமானத்தில் இதற்காக மெனக்கெட வேண்டாம். போட்டி விமானமென்றால் கதை வேறு. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் விதிப்படி, கையால் சுழற்றி எறியும் எஃப்3கே கிளைடருக்கு உச்சவரம்பு 1500 மி.மீ. அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பிரச்சினைதான்.

கார்டு என்பது முன் விளிம்பின் முனையிலிருந்து பின் விளிம்பின் முனை வரை உள்ள நேர்தூரம். முன் விளிம்பு உருண்டையாக இருப்பதால் ஸ்கேலைக் கண்ணால் பொருத்தினால் இரண்டு மி.மீ. முன்பின் ஆகும். இரண்டு மூலைமட்டங்களை மேஜையில் நிறுத்தி, ஒன்றை முன் விளிம்பிலும் மற்றதைப் பின் விளிம்பிலும் தொடவைத்து, இடைவெளியை அளந்தால் சரியாக வரும். பாதி ஸ்பானை விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும், உடலின் பக்கச்சுவரிலிருந்து அல்ல. உடலுக்குள் மறைந்திருக்கும் பகுதியையும் இறக்கைப் பரப்பில் சேர்ப்பதுதான் வழக்கம்.

நம் இறக்கையின் சராசரி அகலம் 250, 150 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 200 மி.மீ. அதை 1400-ஆல் பெருக்கினால் 2,80,000 சதுர மி.மீ. பத்தாயிரத்தால் வகுத்தால் 28 சதுர டெசிமீட்டர். எடை 1300 கிராமை 28-ஆல் வகுத்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 46 கிராம், பயிற்சி விமானத்துக்குச் சுகமான சுமை. ஸ்பானை ஸ்பானால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் ஆஸ்பெக்ட் ரேஷியோ (நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்), இங்கே சரியாக 7.

நுனி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் இறக்கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, நேர் விளிம்புள்ள பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கூட்டுங்கள். வரைபடத்தாளில் கட்டங்களை எண்ணினாலும் சரிதான். நூலால் இழுத்து ஏற்றும் எஃப்1ஏ போட்டி கிளைடர் கட்டுபவர்கள் இதைக் கவனமாகச் செய்ய வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே இறக்கையும் வாலும் சேர்ந்து 32 முதல் 34 சதுர டெசிமீட்டருக்குள் அடங்க வேண்டும்.

சராசரி கார்டும் எடை மையமும்

விமானம் எந்த இடத்தில் சமநிலையில் நிற்க வேண்டும் என்பதை, அதாவது சி.ஜி. எங்கே என்பதை, சராசரி கார்டின் சதவீதமாகத்தான் சொல்வார்கள். நேர் இறக்கையில் இது சுலபம், எல்லா இடத்திலும் ஒரே அகலம். நுனி குறுகும் இறக்கையில் வெறும் கூட்டல் சராசரியான 200 மி.மீ.யை எடுத்தால் கொஞ்சம் தவறும்.

நுனி அகலத்தை நடு அகலத்தால் வகுங்கள்: 150-ஐ 250-ஆல் வகுத்தால் 0.6. இதை விகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றோடு விகிதத்தையும் விகிதத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் 1.96. ஒன்றோடு விகிதத்தை மட்டும் கூட்டினால் 1.6. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.225. இதை நடு அகலத்தாலும் மூன்றில் இரண்டாலும் பெருக்குங்கள். விடை 204 மி.மீ. அதுதான் சராசரி கார்டு.

அது இறக்கையில் எங்கே விழுகிறது என்பதும் தெரிய வேண்டும். ஒன்றோடு விகிதத்தின் இரண்டு மடங்கைக் கூட்டினால் 2.2. அதை 1.6-ஆல் வகுத்தால் 1.375. இதை ஸ்பானின் ஆறில் ஒரு பங்கால் பெருக்கினால், நடுக்கோட்டிலிருந்து 321 மி.மீ. தூரம் வரும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்குக் காகித வழி இருக்கிறது. பாதி இறக்கையை அளவு குறைத்து வரையுங்கள். நடு அகலக் கோட்டின் பின்முனையிலிருந்து பின்பக்கமாக நுனி அகலத்தை நீட்டுங்கள். நுனி அகலக் கோட்டின் முன்முனையிலிருந்து முன்பக்கமாக நடு அகலத்தை நீட்டுங்கள். நீட்டிய இரண்டு முனைகளையும் ஒரு கோட்டால் சேருங்கள். நடு அகலத்தின் மையப்புள்ளியையும் நுனி அகலத்தின் மையப்புள்ளியையும் இன்னொரு கோட்டால் சேருங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் சராசரி கார்டு இருக்கிறது. நான் கணக்கைப் போட்டுவிட்டு இதையும் வரைந்து பார்ப்பேன், இரண்டும் ஒத்துவந்தால் மனசுக்கு நிம்மதி.

அடுத்து பின்சாய்வு. நடு முன் விளிம்பிலிருந்து பக்கவாட்டில், நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நுனியின் முன் விளிம்பு நூலுக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது? நம் விமானத்தில் 60 மி.மீ. என்று வைப்போம். அப்படியானால் 321 மி.மீ. தூரத்தில் 60-ஐ 321-ஆல் பெருக்கி 700-ஆல் வகுக்க, 27.5 மி.மீ. பின்னால். இங்கிருந்து சராசரி கார்டின் 28 சதவீதம் என்றால் இன்னும் 57 மி.மீ. ஆக சி.ஜி. இருக்க வேண்டிய இடம், நடு முன் விளிம்பிலிருந்து 85 மி.மீ. பின்னால். முதல் பறப்புக்கு 25 முதல் 30 சதவீதத்துக்குள் வைத்தால் பயமில்லை. 25 என்றால் 79 மி.மீ., 30 என்றால் 89 மி.மீ. பாருங்கள், பாதுகாப்பான மொத்த இடைவெளியே பத்து மில்லிமீட்டர்தான். உத்தேசமாக விரலை வைத்துத் தூக்கிப் பார்ப்பது ஏன் போதாது என்பது இதிலேயே தெரியும். அளந்த இடத்தில் இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, அந்த டேப்பில்தான் விரல் வைக்க வேண்டும்.

டைஹீட்ரல்

இறக்கை நுனிகள் மேல்நோக்கி ஏறியிருக்கும் கோணம். இதற்குக் கோணமானியே தேவையில்லை, ஸ்கேல் போதும். எல்லாச் சின்னக் கோணங்களுக்கும் ஒரே ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 100 மி.மீ. தூரத்துக்கு ஒரு டிகிரி என்றால் 1.75 மி.மீ. உயரம். இந்தக் கட்டுரை முழுக்க இது உதவும்.

இறக்கையின் நடுப்பகுதியை மேஜையில் வைத்து, இரண்டு நுனிகளின் உயரத்தையும் அளக்கவும். பாதி ஸ்பான் 700 மி.மீ., ஒரு டிகிரிக்கு 12 மி.மீ. நுனி 49 மி.மீ. உயரத்தில் இருந்தால் 4 டிகிரி. இரண்டு பக்க உயரமும் வேறுவேறாக இருந்தால் பதற வேண்டாம், நடுப்பகுதி சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அதற்கு இன்னொரு வழி: ஒரு பக்க இறக்கையை மேஜையோடு முழுக்கப் படியவைத்து மேலே எடை வையுங்கள், மறு நுனியின் உயரத்தை அளங்கள். இப்போது கிடைப்பது இரண்டு பக்கமும் சேர்ந்த கோணம், நம் விமானத்தில் 97 மி.மீ. வர வேண்டும். பிளானில் ‘ஒரு நுனி இத்தனை உயரம்’ என்று போட்டிருந்தால் எந்த முறையைச் சொல்கிறார்கள் என்று படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கோணம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ போய்விடும்.

ஏலிரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பலகை) உள்ள மேல் இறக்கைப் பயிற்சி விமானங்களில் பொதுவாக 2 முதல் 4 டிகிரி. ஏலிரான் இல்லாமல் ரடரை (செங்குத்து வாலில் அசையும் பலகை) வைத்தே திரும்பும் விமானங்களுக்கு இதைவிட நன்றாகவே அதிகம் வேண்டும். சாகச விமானங்களில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கம். நுனிக்கு அருகில் இன்னொரு முறை மடியும் இறக்கை என்றால், ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாக, அதற்கு முந்தைய பகுதியைப் படியவைத்து அளக்கவும்.

இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள கோணம்

1871-இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ரப்பர் முறுக்கில் ஓடும் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். சுமார் 11 வினாடி, தானாகவே நிலைதடுமாறாமல் பறந்தது. இறக்கை நுனிகளை மேலே வளைத்திருந்தார். வாலை இறக்கையைவிடக் கீழ்நோக்கிய கோணத்தில் பொருத்தியிருந்தார். இன்று நாம் மேஜையில் டிஜிட்டல் பெட்டியை வைத்து அளப்பது அதே கோணத்தைத்தான். மூக்கு கீழே போனால் தானாக மேலே எடுப்பதும், மேலே போனால் தானாகத் தாழ்வதும் சி.ஜி.யும் இந்த வித்தியாசமும் சேர்ந்து செய்கிற வேலை.

உடலில் வரைந்த நடுக்கோட்டிலிருந்து இறக்கை எத்தனை டிகிரி, வால் எத்தனை டிகிரி என்று தனித்தனியாக அளந்து கழிக்கலாம். ஆனால் அந்தக் கோட்டை உடலில் சரியாக வரைவதே சிரமம். சுலபமான வழி, வாலையே பூஜ்யமாக்கிவிடுவது.

ஸ்டேபிலைசர், அதாவது கிடையான வால், தட்டைப் பலகையாக இருந்தால் அதன் மேல் முன்பின்னாக ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். அதன் பின்னால் அசையும் பலகையான எலிவேட்டர் மீது ஸ்கேல் படக் கூடாது, அசையாத பகுதியில் மட்டும் உட்கார வேண்டும். அதன் மேல் ஆங்கிள் கேஜை வைத்துப் பூஜ்யம் பட்டனை அழுத்துங்கள். இனி அந்தப் பெட்டி எங்கே போனாலும் வாலோடு ஒப்பிட்டுத்தான் பேசும். விமானத்தை அசைக்காமல் கேஜை எடுத்து, முகம் அதே பக்கம் பார்க்கும்படி இறக்கைக்குக் கொண்டுபோங்கள்.

இறக்கையின் மேல் நேராக வைக்க முடியாது, வளைவாக இருக்கும். அதற்கு ஓர் அளவுகோல் நாமே செய்துகொள்ளலாம். 400 மி.மீ. நீளமுள்ள நேரான அலுமினியச் சதுரக் குழாய் ஒன்று. அதிலிருந்து தொங்கும் இரண்டு பிளைவுட் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் 90 டிகிரியில் வாய்போல ஒரு வெட்டு. இரண்டு வாய்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். வெட்டின் ஆழமான மூலை குழாயின் அடியிலிருந்து இரண்டு துண்டிலும் மிகச்சரியாக ஒரே தூரத்தில், 60 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், இருக்க வேண்டும். இரண்டு துண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ஒரே வெட்டில் அறுத்தால் இது தானாக அமையும். முன் துண்டைக் குழாயில் திருகிவிடுங்கள், பின் துண்டு நகரும்படி விட்டு இரண்டையும் ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டுங்கள்.

முன் வாய் முன் விளிம்பைக் கவ்வும், பின் வாய் பின் விளிம்பைக் கவ்வும், குழாய் இறக்கைக்கு மேலே நிற்கும். கவ்வும்போது முன் விளிம்பின் உருண்டை வாயின் இரண்டு சாய்வுகளையும் தொடுகிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். கோவரிங் (இறக்கையைப் போர்த்தும் மெல்லிய உறை) மடிப்போ பசைத் துளியோ ஒரு சாய்வில் இடித்தால் அரை டிகிரி தப்பாகக் காட்டும். விரல் நகத்தால் முன் விளிம்பை ஒருமுறை தடவிவிட்டுக் கவ்வவிடுவது நல்ல பழக்கம். குழாயின் மேல் கேஜை வையுங்கள். திரையில் வருவதுதான் இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள வித்தியாசம். கருவியைச் சோதிக்க, முன்பின் வாய்களை மாற்றிக் கவ்வவிட்டு, கேஜை முன்பிருந்த திசையிலேயே வைத்து மறுபடி படியுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் உங்கள் அளவுகோல் சரி.

பயிற்சி விமானத்தில் 2 முதல் 3 டிகிரி வரை வருவது சகஜம். சாகச விமானத்தில் பூஜ்யம் அல்லது அரை டிகிரி.

அடிப்பகுதி தட்டையான இறக்கைகளில் ஒரு பொறி உண்டு. கிளார்க் ஒய் என்ற புகழ்பெற்ற இறக்கை வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பகுதி அகலத்தின் 30 சதவீதத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டை, ஆனால் முன் விளிம்பின் முனை அந்தத் தட்டைக் கோட்டிலிருந்து அகலத்தின் 3.5 சதவீதம் மேலே நிற்கிறது. கணக்குப் போட்டால் 2 டிகிரி. அதாவது அடியில் ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு 0.5 டிகிரி என்று வரும் அதே இறக்கை, விளிம்புகளைக் கவ்வும் அளவுகோலில் 2.5 டிகிரி என்று வரும். இரண்டும் சரி. பிளான் எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. அடிக்கோட்டை வைத்துச் சொன்ன 0.5-ஐப் பார்த்துவிட்டு, கவ்வும் அளவுகோலில் 2.5 வருகிறதே என்று உடலில் இறக்கை உட்காரும் மேடையைச் செதுக்கிவிடாதீர்கள்.

முறுக்கம்

அதே கருவியோடு, அதே பூஜ்யத்தோடு, இப்போது இறக்கை நெடுகப் போங்கள். நடுவுக்குப் பக்கத்தில் ஓர் இடம், பாதி வழியில் ஓர் இடம், நுனிக்குக் கொஞ்சம் உள்ளே ஓர் இடம். இரண்டு பக்கமும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் பென்சில் கோடு போட்டு, அங்கேதான் கவ்வவிட வேண்டும். ஏலிரான் உள்ள இடமென்றால் அது சரியாக நடுநிலையில் இருக்கும்படி டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் அளப்பது ஏலிரானைத்தான்.

நுனியில் எண் நடுவைவிடக் குறைந்தால் அது வாஷ்அவுட். வேகம் குறையும்போது நுனிக்கு முன்னால் நடுப்பகுதி ஸ்டால் ஆகட்டும் என்பதற்காகப் பலர் வேண்டுமென்றே 1 முதல் 2 டிகிரி வைப்பார்கள். 150 மி.மீ. நுனியில் 2 டிகிரி என்றால் பின் விளிம்பு 5 மி.மீ. மேலே. கட்டும்போது நுனிப் பக்கப் பின் விளிம்புக்கு அடியில் 5 மி.மீ. பால்சா மரத் துண்டை வைத்து ஒட்டினால் அது தானாக வந்துவிடும். நுனியில் எண் கூடினால், வேண்டாத முறுக்கம்.

என்னைப் பொறுத்தவரை ஒரு புதியவர் ஒரே ஓர் அளவுதான் எடுப்பேன் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இடது நுனிக்கும் வலது நுனிக்கும் அரை டிகிரிக்குள் வந்தால் பறக்கவிடலாம். ஒரு டிகிரி தாண்டினால் முதலில் சரிசெய்யுங்கள்.

கருவி இல்லாமலும் பார்க்கலாம். விமானத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, இறக்கையின் அடிப்பரப்பு தெரியும்படி தாழக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, பின் விளிம்பும் முன் விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே கோடாகும் வரை மெதுவாக எழுந்திருங்கள். அந்த அடிப்பரப்பு மறையத் தொடங்கும். நடுவில் மறைந்த பிறகும் ஒரு நுனியில் மட்டும் மெல்லிய பட்டை தெரிந்துகொண்டே இருந்தால் அங்கே பின் விளிம்பு மேலே ஏறியிருக்கிறது. பழகிய கண் இப்படி ஒரு டிகிரியைச் சுலபமாகப் பிடித்துவிடும்.

சட்டகத்தின் மேல் பிளாஸ்டிக் கோவரிங் போட்ட இறக்கையென்றால் சரிசெய்வது எளிது. இன்னொருவரைக் கூப்பிட்டு, இறக்கையை வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் ஹீட் கன்னால் கோவரிங்கைச் சுருக்குங்கள். ஆறும் வரை விடக் கூடாது. ஆறியதும் விட்டுவிட்டு மறுபடி அளங்கள். ஒரே தடவையில் சரியாக வராது, இரண்டு மூன்று தடவை செய்தால் படியும். பால்சாத் தகட்டால் முழுக்க மூடிய இறக்கை இப்படி அசையாது. அதனால்தான் தகட்டை ஒட்டுவதற்கு முன்பே, கட்டும் பலகையில் ஊசி குத்திய நிலையிலேயே, அளந்துவிட வேண்டும். இன்னொரு விஷயம்: வெயிலில் நிறுத்திய காரின் பின்சீட்டில் இறக்கையை விட்டுப் போகாதீர்கள். நேற்று எடுத்த அளவு இன்று இருக்காது.

நேராக நிற்கிறதா

இது சீக்கிரம் முடிகிற வேலை. வாலின் பின்முனையில் நடுவே ஒரு குண்டூசி குத்தி நூலைக் கட்டுங்கள். நூலை இடது நுனியின் பின் மூலை வரை இழுத்து டேப்பால் அடையாளம் வைத்து, அதே நூலை வலது நுனிக்குக் கொண்டுபோங்கள். அடையாளம் அதே மூலையில் விழுந்தால் இறக்கை நேராக இருக்கிறது. 3 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். அப்புறம் மூக்கின் நடுவிலிருந்து ஸ்டேபிலைசரின் இரண்டு நுனிகளுக்கும் இதே சோதனை. கடைசியாகப் பின்னாலிருந்து பார்த்து, ஸ்டேபிலைசர் நுனிகள் இறக்கை நுனிகளோடு இணையாக இருக்கின்றனவா, செங்குத்து வால் ஸ்டேபிலைசருக்கு மூலைமட்டத்தில் நிற்கிறதா என்று சரிபாருங்கள். வாலை ஒட்டும் முன் இதைச் செய்தால் உப்புத்தாள் தேய்க்கும் வேலை மிச்சம்.

மோட்டாரின் வலச்சாய்வையும், அதாவது அது வலது பக்கம் எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பதையும், இந்த நூலே சொல்லும். புரொபெல்லரைக் கிடையாக நிறுத்தி, ஒரு இலையின் நுனியிலிருந்து வால் குண்டூசி வரை அளங்கள். அதே இலையை அரை வட்டம் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய் மறுபடி அளங்கள். பத்து அங்குலப் புரொபெல்லரில் வலது பக்கத் தூரம் 9 மி.மீ. குறைந்தால் வலச்சாய்வு 2 டிகிரி.

ஏலிரான், எலிவேட்டர் அசைவு

சில கையேடுகள் மில்லிமீட்டரில் சொல்லும், சில டிகிரியில் சொல்லும். மில்லிமீட்டர் என்றால் அசையும் பலகையின் மிக அகலமான இடத்தில், பின் விளிம்பு நடுநிலையிலிருந்து எவ்வளவு நகர்கிறது என்று அர்த்தம். 40 மி.மீ. அகல ஏலிரானில் 15 டிகிரி என்பது 10 மி.மீ. 45 மி.மீ. அகல எலிவேட்டரில் 12 மி.மீ. என்பதும் ஏறக்குறைய 15 டிகிரிதான். அகலம் மாறினால் மில்லிமீட்டர் மாறும், டிகிரி மாறாது. அதனால் வேறு விமானத்தின் மில்லிமீட்டர் அளவை அப்படியே உங்களுடையதில் போடாதீர்கள். அட்டையில் ஸ்கேல் கோடுகள் வரைந்து பின் விளிம்புக்குப் பின்னால் நிறுத்தி, ஸ்டிக்கை முழுக்கத் தள்ளிப் பாருங்கள். இதற்கு மட்டும் பேட்டரி தேவைப்படும், புரொபெல்லரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

எழுதிவைப்பதும் மாற்றுவதும்

எல்லா எண்களையும் ஒரு நோட்டில், தேதியோடு, இடது வலது தனித்தனியாக எழுதுங்கள். நுனி முறுக்கத்தையும் இறக்கை வால் வித்தியாசத்தையும் சி.ஜி. தூரத்தையும் இறக்கை மேடைக்குள் பென்சிலால் குறித்துவைத்தால் மைதானத்திலும் கைக்கு எட்டும். முரட்டுத்தனமாக இறங்கிய ஒவ்வொரு தடவையும் இந்த மூன்றை மட்டுமாவது மறுபடி அளங்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே மேடை நசுங்கியிருக்கலாம்.

மாற்றம் செய்யும்போது ஒரு தடவைக்கு ஒன்றுதான். வேகம் கூட்டினால் விமானம் விடாமல் மேலே ஏறுகிறது என்று வைப்போம். முதலில் சி.ஜி. குறித்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு கனமாகி, அதைத் தூக்க எலிவேட்டரில் ட்ரிம் ஏற்றியிருந்தாலும் இதே குணம் வரும். சி.ஜி. சரியென்றால் இறக்கைக் கோணத்தை அரை டிகிரி குறைக்கலாம். மேடையின் நீளம் 250 மி.மீ., அரை டிகிரிக்கு 2.2 மி.மீ. ஆகவே இறக்கையின் பின் விளிம்புக்கு அடியில் 2 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்று வைத்து இறக்கையைக் கட்டி, வாலைப் பூஜ்யமாக்கி, இரண்டு பக்கமும் மறுபடி அளந்து, புது எண்ணைப் பழைய எண்ணுக்குக் கீழே எழுதிவிட்டுப் பறக்கவிடுங்கள்.